எட்டரை லிட்டர் சத்தியம்

எட்டரைக்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. எதிலும் பொய் சொல்லத் தெரியாத அப்பாவிகள். வயதைக் கேளுங்கள், எடையைக் கேளுங்கள், மாமியாரின் சமையலைப் பற்றிக்கூடக் கேளுங்கள்: உள்ளது உள்ளபடி வரும். ஆனால் முன்பக்கம் பூனை நுழைய முடியாத அளவுக்குத் தாழ்ந்து, பின்பக்கம் சாக்கடைக் குழாய் பருமனில் புகைக்குழாய் வைத்து, எஞ்சினுக்குப் பெரிய டர்போ, அதன் மூளைக்குப் புதிய பாடம் என்று எல்லாவற்றையும் மாற்றி வைத்திருக்கிற காரின் பக்கத்தில் அவர்களை நிறுத்தி, “இது எவ்வளவு குடிக்கும்?” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

“நிதானமா ஓட்டினா எட்டரை.”

நூறு கிலோமீட்டருக்கு எட்டரை லிட்டர். ப்ளோவ்டிவ் நகரத்தில் அப்படித்தான் அளப்பது. எண் குறையக் குறையப் பெருமை. மாற்றாத காரே ஒன்பது குடிக்கும், குதிரைத்திறனை இரட்டிப்பாக்கிய பிறகு எப்படி எட்டரை என்று கேட்காதீர்கள். கேட்டால் விளக்கம் கிடைக்கும். “காத்து நல்லா உள்ள போகுது, புகை நல்லா வெளிய போகுது. எஞ்சின் கஷ்டப்படல. கஷ்டப்படலன்னா எதுக்குக் குடிக்கப் போகுது?” எஞ்சினைப் பற்றிய பேச்சா, ஓய்வுபெற்ற மாமாவைப் பற்றிய பேச்சா என்று நீங்கள் குழம்பி நிற்கும்போதே போனை நீட்டுவார். அதில் காரின் திரையைப் படம் பிடித்து வைத்திருப்பார்: 3.9. ஷிப்கா கணவாயிலிருந்து கீழே உருண்டு வரும்போது எடுத்தது.

நிதானமாகக் கடைசியாக ஓட்டியது எப்போது? ஆறு வருடத்துக்கு முன்பு. மூன்றாவது மாடிக்காரரின் சவ ஊர்வலத்தின் பின்னால்.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரியாக டோப்ரினைச் சொல்லலாம். நாற்பத்தொரு வயது. வேலை என்ன தெரியுமா? சந்தைத் தராசுகளைச் சோதிக்கும் அதிகாரி. செர்ரிப் பழத்தில் பத்து கிராம் குறைந்தால் கடைக்காரரின் முகத்தை ஒரு முழு நிமிடம் பார்த்துக்கொண்டு நிற்பவர். அலுவலகத்தில் அளவு என்றால் டோப்ரின், டோப்ரின் என்றால் அளவு. ஐந்து மணிக்கு வாசலில் நிற்கும் பதினேழு வயதான கறுப்பு ஜெர்மன் காரில் ஏறிச் சாவியைத் திருப்புவார். அந்த உறுமலோடு அளவெல்லாம் இறங்கிப் போய்விடும்.

பந்தயத்துக்கான கார் அல்ல அது. தினப்படி கார். முந்நூறு மீட்டர் தள்ளியிருக்கும் கடையில் காலையில் சுடச்சுட, பாலாடைக்கட்டி அடைத்த பானிட்சா ரொட்டி வாங்குவதற்கும், மனைவி நெவெனாவை மருந்துக்கடை வேலைக்குக் கொண்டுபோய் விடுவதற்கும், செப்டம்பரில் இரண்டு மூட்டை சிவப்பு மிளகாய் ஏற்றிவரவும் அந்த நானூறு குதிரைகள் தேவைப்பட்டன. வேகத்தடை வந்தால் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஏற்ற வேண்டும். அந்தச் சடங்குக்காகப் பின்னால் நிற்கும் பேருந்து ஓட்டுநர் தினமும் ஏதோ சொல்வார். டோப்ரின் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வார்.

எட்டரையில் சேராதவை என்று ஒரு பட்டியல் உண்டு. ஊருக்குள் ஓடியது சேராது. குளிர்காலம் சேராது. ஏசி போட்டது, எஞ்சின் சூடாவதற்கு முன் குடித்தது, சிவப்பு விளக்கில் ஒருவன் பக்கத்தில் வந்து நின்று உறுமியதால் நடந்த சம்பவம், எதுவும் சேராது. இவற்றையெல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சுவது வருடத்துக்கு ஒருமுறை, ஆகஸ்டில், கடலுக்குப் போகிற வழி. திரும்பி வருகிற வழியும் சேராது. அது மேட்டுவாக்கு.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாமனார் மட்டும் வேறு தொழில் செய்திருக்கலாம்.

மாமனார் ஸ்டாமென், காருக்குக் கேஸ் மாட்டுபவர். ஊர் எல்லையில் பட்டறை, முப்பது வருட அனுபவம். காரில் பெட்ரோல் ஊற்றுவது அவர் கண்ணுக்கு சூப்பில் வாசனைத் தைலம் ஊற்றுவது மாதிரி. டாக்ஸிகள், டாக்டரின் வண்டி, பாதிரியாரின் வண்டி என்று பாதி ஊரின் பின்பெட்டியில் அவர் மாட்டிய சிலிண்டர் உட்கார்ந்திருக்கிறது. சொந்த மருமகனின் கார் மட்டும் கையில் சிக்காமல் கண்ணெதிரே உறுமிக்கொண்டு திரிந்தது.

டோப்ரினுக்கோ கேஸ் என்றாலே உயிர் போய்விடும். வெள்ளிக்கிழமை மாலைகளில் பழைய புகையிலைக் கிடங்குக்குப் பின்னால் கூடும் கூட்டாளிகள், கேஸ் மாட்டிய காருக்கு வைத்திருக்கும் பெயர் “அடுப்பு”. போன வருடம் ஒருவன் மாட்டினான். “டேய், அடுப்பு வருது, முட்டை இருந்தா எடுத்து வை!” என்று வரவேற்றார்கள். அதன் பிறகு அவன் வரவில்லை. காரையே விற்றுவிட்டு வேறு பேட்டைக்குக் குடிபோய்விட்டதாகக் கேள்வி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தக்காளி சாலட்டும் குளிர்ந்த ராக்கியா சாராயமுமாக மாமனார் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது டோப்ரின் வழக்கம்போல “எட்டரை” என்றார். ஸ்டாமென் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

“மாப்பிள்ளை, என் வீட்டு ஃப்ரிட்ஜே அதவிட அதிகமாக் குடிக்கும்.”

“நிதானமா ஓட்டினான்னு சொன்னேன் மாமா.”

“நிறுத்தி வெச்சா இன்னும் கம்மி.”

இதுவரை பேசாமல் வெள்ளரிக்காய் கடித்துக்கொண்டிருந்த நெவெனா வாயைத் திறந்தாள். போன செவ்வாய்க்கிழமை காரை எடுத்துக்கொண்டு போனவள் அவள். பத்து லிட்டர் இருக்கிறது, எட்டரைக் கணக்குப்படி நூறு கிலோமீட்டர் தாராளமாகப் போகலாம் என்று கணவர் சொன்னதை நம்பி ஊரெல்லாம் சுற்றிவிட்டு, மாரிட்சா பாலத்தின் நட்டநடுவில், குதிகால் செருப்போடு, முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றாள். பின்னால் ஹாரன் அடித்தவர்களில் அந்தப் பேருந்து ஓட்டுநரும் ஒருவர்.

“அளந்துடுவோம்,” என்றாள். “சனிக்கிழமை புர்காஸ்ல அக்கா வீட்டுக்குப் போறோம் இல்ல? வாய் வரைக்கும் நிரப்பிட்டுக் கிளம்பு. அங்க போய் நிரப்பு. திரும்பி வந்து நிரப்பு. போக வர ரெண்டும் சேத்து ஒன்பதுக்குள்ள வந்தா, அதுக்கப்புறம் நான் வாயே திறக்கல. தாண்டிச்சுன்னா திங்கக்கிழமை காலையில கார் அப்பா பட்டறையில நிக்கணும்.”

“வர்றதையுமா?”

“ஏன், வரும்போது கார் வேற எதாவது குடிக்குமா?”

ஸ்டாமென் எழுந்து போய், வாசலில் நின்ற காரின் பின்பெட்டியைத் திறந்து, சாண் போட்டு அளந்துவிட்டு வந்தார். “நாப்பத்தஞ்சு லிட்டர் சிலிண்டர் அழகா உக்காரும்,” என்றார், கல்யாணப் பெண்ணுக்கு வளையல் அளவு பார்த்தவர் மாதிரி.

சனிக்கிழமை காலை டோப்ரின் காரை ஆயத்தப்படுத்திய விதத்தைப் பார்த்திருந்தால் நிலாவுக்கே அனுப்புகிறார் என்று நினைத்திருப்பீர்கள். உபரி டயர் வெளியே. ஜாக்கி வெளியே. தரைவிரிப்புகள் வெளியே. டயர்களில் காற்றைக் கல் மாதிரி ஏற்றியாயிற்று. நெவெனாவின் ஷாம்பு பாட்டிலைக் கையில் எடுத்து எடை பார்த்தார். அவள் பார்த்த பார்வையில் திரும்ப வைத்தார். சாட்சியாக வந்த ஸ்டாமென், தோளில் ஒரு தர்பூசணியோடு படியிறங்கி வந்தார்.

“மாமா, அது எதுக்கு?”

“பொண்ணு வீட்டுக்கு வெறுங்கையோட போறதா?”

“கடல்கிட்ட வாங்கிக்கலாம் மாமா.”

“பன்னெண்டு கிலோ தர்பூசணிக்குப் பயப்படுதா உன் நானூறு குதிரை?”

தர்பூசணி ஏறியது. ஸ்டாமென் மடியில்.

அந்தப் பயணம்! ஆகஸ்ட் வெயில், ஏசி இல்லை, ஜன்னல் திறந்தால் காற்று இழுக்கும் என்று அதுவும் மூடல். நெடுஞ்சாலையில் எண்பதுக்கு மேல் போகவில்லை. உறைந்த கோழி ஏற்றிய ஒரு லாரியைக் கண்டுபிடித்து, அதன் முதுகுக்குப் பின்னால் காற்றுப் படாமல் ஒட்டிக்கொண்டு, பெருவிரல் நுனியால் மட்டும் பெடலைத் தொட்டுத் தொட்டு மூன்றேகால் மணி நேரம் ஓட்டினார். ஒரு டிராக்டர் அவர்களை முந்தப் பார்த்தது என்று நெவெனா இன்றும் சொல்கிறாள், அது மிகை. யாம்போலில் கோழி லாரி பிரிந்து போனபோது டோப்ரினின் கண் கலங்கியது உண்மை.

“மாப்பிள்ளை, நான் உயிரோட இருக்கேனான்னு கொஞ்சம் திரும்பிப் பாரு,” என்றார் பின்னால் இருந்து ஸ்டாமென், தர்பூசணியைக் கட்டிக்கொண்டு. கார் முழுவதிலும் குளுமையான பொருள் அது ஒன்றுதான்.

புர்காஸில் நிரப்பினார்கள். கணக்குப் போட்டார்கள். எட்டு புள்ளி நாலு!

டோப்ரின் பெட்ரோல் பங்கில் நின்றபடியே கூட்டாளிகள் எல்லோருக்கும் படம் அனுப்பினார். எட்டு புள்ளி நாலு! வாழ்நாளில் முதன்முறையாக அவர் சொன்னது நிஜமாகிவிட்டது. அதை எப்படித் தாங்குவது என்று அவருக்கே தெரியவில்லை. ஸ்டாமெனின் முகம் தொங்கிவிட்டது. சிலிண்டருக்குச் சொல்லி வைத்திருந்தார் பாவம்.

ஆனால் மறுநாள் திரும்பக் கிளம்பும்போது டோப்ரினின் வலது கால் நிமிரவில்லை. மூன்றேகால் மணி நேரம் அந்தரத்தில் நின்ற கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. தரையில் ஊன்றினாலே “ஐயோ” என்றார். நெவெனா அக்காவோடு முந்தின நாள் முழுக்கப் பேசிக் களைத்துப் பின் இருக்கையில் படுத்துவிட்டாள். சாவி ஸ்டாமென் கைக்குப் போனது.

“மாமா, கெஞ்சிக் கேக்கறேன். எண்பது. பெடல்மேல முட்டை இருக்கிற மாதிரி நெனச்சுக்கங்க.”

“எனக்குத் தெரியாததா? நான் கார் ஓட்டும்போது நீ தொட்டில்ல இருந்த.”

முதல் அரை மணி நேரம் முட்டை உடையவில்லை. பிறகு பின்னால் ஒரு வெள்ளை வேன் வந்து விளக்கை அடித்தது. ஒரு முறை. இரண்டு முறை. மூன்றாவது முறை ஹாரனோடு முந்திப்போய், ஓட்டுநர் கையை வெளியே நீட்டி, கிழவருக்கு ஒரு சைகை காட்டினான். ஸ்டாமெனின் பாதம்தான் பதில் சொன்னது.

முதலில் ஒரு விசில். அப்புறம் ஒரு மௌனம். அப்புறம் வானம் பிளந்த மாதிரி ஓர் ஓசையோடு அறுபத்தெட்டு வயது ஸ்டாமெனின் முதுகு இருக்கையில் ஒட்டிக்கொண்டது. முப்பது வருடமாகக் கேஸ் வண்டியில் மேடேறும்போது கூடவே தானும் முன்னால் சாய்ந்து தள்ளிக்கொடுத்துப் பழகியவர் அவர். வேன் ஒரு வெள்ளைப் புள்ளியாகிப் பின்னால் மறைந்தது.

“மாமா! எட்டு புள்ளி நாலு! மாமா!”

“சத்தம் போடாத மாப்பிள்ளை. இது... இது எப்பவும் இப்படித்தான் போகுமா?”

“எப்பவும் போகும் மாமா, அதான் சொல்றேன், காலை எடுங்க!”

“இன்னொரு தடவ மட்டும்.”

இன்னொரு தடவை ப்ளோவ்டிவ் வரை நீடித்தது. டோப்ரினின் ஒரு கண் இறங்கிக்கொண்டே வந்த பெட்ரோல் முள்ளில் இருந்தது. ஒவ்வொரு கோட்டிலும் அவருக்கு ஒரு சிலிண்டர் தெரிந்தது. இன்னொரு கண் மாமனாரின் முகத்தில் இருந்தது. அந்த முகத்தில் தெரிந்ததை அவர் தினமும் கண்ணாடியில் பார்த்திருக்கிறார்.

ஊருக்குள் நுழைந்ததும் பெட்ரோல் பங்க். டோப்ரின் திங்கட்கிழமையை நினைத்துக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். கூட்டாளிகளின் குரல் காதில் கேட்டது: முட்டை இருந்தா எடுத்து வை.

“நீங்க ரெண்டு பேரும் உள்ள போய் காபி குடிங்க,” என்றார் ஸ்டாமென். “நான் நிரப்பறேன். சாட்சி நான்தானே?”

ஐந்து நிமிடத்தில் உள்ளே வந்தார். தலைமுடி கலைந்திருந்தது. கன்னம் சிவந்திருந்தது. பணத்தைக் கட்டினார். ரசீதை நான்காக மடித்துச் சட்டைப்பையின் அடியில் திணித்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“ரெண்டும் சேத்து எட்டரை.”

டோப்ரினின் காபி வழியிலேயே நின்றது. தராசுச் சோதனை அதிகாரிக்கு இது எத்தனை பெரிய மோசடி என்று தெரியாதா? தெரியும். கடையில் யாராவது இதில் நூறில் ஒரு பங்கு செய்திருந்தால் தராசையே பறிமுதல் செய்திருப்பார். “நான்தான் அப்பவே சொன்னேனே,” என்றார்.

நெவெனா இருவரையும் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, அவர்கள் நிரப்பிய பம்பின் தலையில் எண் இன்னும் அழியாமல் பளிச்சென்று நின்றது: நாற்பத்து மூன்று லிட்டர். வந்த வழிக்கு மட்டும். அப்பாவைப் பார்த்தாள், பன்னிரண்டு வயதுப் பையன் மாதிரி நின்றுகொண்டிருந்தார். கணவரைப் பார்த்தாள், தூக்குமேடையிலிருந்து இறக்கிவிட்டவர் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

“எட்டரையா?” என்றாள். “பரவாயில்லையே.”

காபியைக் குடித்து முடித்தாள். கையை நீட்டினாள்.

“சாவியக் குடு. வேன்காரனத் தாண்டினப்பவே நான் முழிச்சுட்டேன். வீட்டுக்கு நான் ஓட்டறேன்.”

அங்கிருந்து வீட்டுக்கு நாலு கிலோமீட்டர். ஆனால் அவர்கள் நெடுஞ்சாலை வழியாகச் சுற்றி, முக்கால் மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தார்கள். அந்தச் சுற்றுக்குக் கார் எவ்வளவு குடித்தது என்று மூவரையும் தனித்தனியாக விசாரித்தாயிற்று. விடையில் கால் லிட்டர்கூட வித்தியாசம் இல்லை. ஸ்டாமெனின் பட்டறையில் ஒரு சிலிண்டர் இன்னும் ஆள் வராமல் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை மாலைகளில் கிடங்குக்குப் பின்னால் போனால், பதின்மூன்று வருடக் கேஸ் வண்டியைத் தெருமுனையிலேயே ஒளித்து நிறுத்திவிட்டு நடந்து வரும் ஒரு கிழவர், மருமகனின் காரைத் தட்டிக்கொடுத்து, “காத்து நல்லா உள்ள போகுது பாருங்க,” என்று விளக்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

சிரித்தீர்களா? இருக்கட்டும். உங்கள் ஸ்கூட்டர் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது? பாருங்கள், கேள்வி முடியும் முன்பே ஓர் எண் நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. வண்டியே இல்லை, தப்பித்தேன் என்கிறீர்களா? அப்படியானால் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போனைப் பார்க்கிறீர்கள் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறீர்களே, அந்த எண். அது பொய் என்று யார் சொன்னது? எப்போதோ ஒருநாள் நிஜமாகவே அளந்ததுதான். கேட்பது ஒன்றுதான்: அன்றைக்கு நீங்கள் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தீர்களா, திரும்பி வந்துகொண்டிருந்தீர்களா?