எங்கள் வீட்டில் பூட்டு கிடையாது

எழுத்துக் கூட்டித்தான் எனக்குப் படிக்க வரும். ஆனால் என் வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு துரும்புகூட இருக்கக் கூடாது. (இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு.)

மருமகள் கல்பனாவுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. எங்கேயோ இருக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் எங்கள் செங்கம் ரோடு வீட்டிலிருந்தே நுழைந்து வேலை செய்யலாம் என்று ஒரு வாரம் விட்டுப் பார்த்தார்கள். சரிப்பட்டால் இங்கேயே இருப்பாள். இல்லையென்றால் என் மகனையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்விடுவாள். அவள் போனால் போகட்டும், பையன்?

இரண்டு நாள் நன்றாகத்தான் ஓடியது. மூன்றாம் நாள் காலையில் பிரிண்டர் ரிப்பேர் பார்க்கக் கம்ப்யூட்டர் கடைக்காரர் காதர் வந்தார். கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு கல்பனா குளிக்கப் போனாள். நான் விடுவேனா?

“காதரு, இதுல அவ வெச்சிருக்கறது எல்லாத்தையும் எல்லாரும் பாக்கற மாதிரி தொறந்து வுட்டுடுப்பா.”

“வாணாம்மா, அந்தப் பொண்ணு வரட்டும்.”

“வூட்டுக்குப் பெரியவ நான் சொல்றேன். எங்க வூட்ல பூட்டுன்ற பேச்சே கெடையாது.”

பாவம், திறந்துவிட்டுப் போனார். (திறந்ததை நான் படித்துக் கிழித்துவிடப் போகிறேனா? அத்தனையும் இங்கிலீஷ்.)

கல்பனா வந்து உட்கார்ந்தாள். ஆபீஸ் கம்ப்யூட்டர் உள்ளே விடவில்லை. மறுபடி தட்டினாள், மறுபடியும் அதே. பதினொரு மணிக்குள் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும். மணி பத்தே கால்.

நான் சும்மா இருந்திருக்கலாம். “நம்ம வாசல் வழியா கிரிவலம் போன கூட்டத்துக் கண்ணுடீ” என்று தீர்ப்புச் சொல்லி, எலுமிச்சம்பழத்தைக் கம்ப்யூட்டருக்கு மூன்று சுற்றுச் சுற்றி வாசலில் நசுக்கிவிட்டு வந்தேன்.

அதற்குள் கல்பனா ஆபீஸுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். அங்கிருந்து ஒருவர் பேசினார்.

“நீங்க குடுத்த பப்ளிக் கீ, அதான் பூட்டு மாதிரி, இங்க எங்க சர்வர்ல சரியாத்தான் இருக்குங்க. அங்க என்ன வருதுன்னு கடைசி வரிய மட்டும் பாக்காம முழுசாப் படிங்க.”

படித்தாள். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

“உங்க சாவி ஃபைலை யார் வேணா பாக்கலாம்னு கெடக்குதுங்க. அதான் உங்க கம்ப்யூட்டரே அதை எடுக்க மாட்டேங்குது. யாருங்க தொறந்து வுட்டது?”

எலுமிச்சைச் சாறு வழியும் கையோடு நான் நின்றேன்.

கல்பனா திரும்பிப் பார்த்தாள். கத்தவில்லை. (கத்தியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.)

“அத்தை, பூட்டை ஆபீஸ்ல குடுத்துட்டேன். சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கணும். ஆமா, உங்க பீரோ சாவி எங்க இருக்குது?”

என் கை தானாக இடுப்புக்குப் போனது. முப்பது வருஷமாக அது அங்கேதான் தொங்குகிறது. பெற்ற பிள்ளைகூடத் தொட்டதில்லை.

கல்பனா ‘அறுநூறு’ என்று ஏதோ எண்ணை அடித்தாள். அவள் ஒருத்திக்கு மட்டும் என்று அர்த்தமாம். ஆபீஸ் கம்ப்யூட்டர் கதவு திறந்தது. பத்து ஐம்பத்தைந்துக்கு வேலை போய்ச் சேர்ந்தது. சென்னைப் பேச்சும் நின்றது.

நின்றதற்குக் கூலி இதுதான்: புருஷனும் பெண்டாட்டியும் பேசும்போது நான் எட்டிப் பார்த்தால் போதும், “அறுநூறு போடு, அறுநூறு போடு” என்று குரல் வரும். உர்ரென்று திரும்பிவிடுவேன். ஒரு நாள் பேத்தி விளையாட்டாக என் இடுப்புச் சாவியில் கை வைத்தாள்.

“ஏய், அறுநூறு!” என்றேன்.

அடுப்படியில் கல்பனா சிரித்த சிரிப்பில் பால் பொங்கி வழிந்தது.