கட்டை விரல் சம்மதம்

நான் விண்வெளி வீரர்களை வரைகிறவன். சிரிக்காதீர்கள், அப்படியும் ஒரு பிழைப்பு இருக்கிறது. எங்கள் ஊர்க் கோளரங்கத்தின் நீண்ட தாழ்வாரத்தில் ஆளுயரத்துக்கு நான்கு பேர் தொங்குகிறார்களே, நால்வரும் என் கைவண்ணம். பூமியை விட்டே போய்த் திரும்பியவர்கள். நானோ தெருமுனைக் கடைக்குப் போவதென்றால்கூட எதற்கு, எவ்வளவு நேரம், கூட யார் என்று பதில் சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்ட முடியும். விண்வெளியில் ஈர்ப்பு விசை தெரியாது என்பார்கள். எங்கள் வீட்டில் வசை நன்றாகவே தெரியும். ஒரு கொக்கிதான் வித்தியாசம்.

ஐந்தாவதாக ஒரு வீராங்கனையை வரையச் சொன்னார் கோளரங்க மேலாளர். அந்தம்மா பயிற்சியில் இருந்தார். வந்து உட்கார நேரமில்லை. முகத்துக்குப் புகைப்படம் அனுப்பிவிட்டார்கள். உடம்புக்கு நானே ஆள் பிடிக்க வேண்டும். விண்வெளி உடையின் மடிப்பு மனசிலிருந்து வராது. வெள்ளைத் துணிதானே என்று நினைப்பீர்கள். அதில் நீலம் இருக்கும், மஞ்சள் இருக்கும், அக்குளுக்குக் கீழே லேசாக ஊதாகூட இருக்கும். ஆள் உட்கார்ந்தால்தான் தெரியும்.

எதிர் வீட்டுத் தையல்காரம்மா கூடாரத் துணியில் உடையைத் தைத்துக் கொடுத்தார். விளம்பரப் பலகை செய்யும் நண்பன் ஹெல்மெட் செய்தான். முன்பக்கக் கண்ணாடியில் கார் ஜன்னலுக்கு ஒட்டும் பொன்னிறத் தாளை ஒட்டினான். வெளியே இருந்து பார்த்தால் நம் முகம்தான் தெரியும், உள்ளே இருப்பவர் முகம் தெரியாது. போட்டுப் பார்த்தேன். பேசினேன். வெளியே கேட்கவில்லை என்றான் நண்பன்.

அந்த நிமிடம் என் மூளையில் ராக்கெட் கிளம்பியது. இந்த ஹெல்மெட்டை என் மனைவியின் தலையில் மாட்டியே தீருவது என்று சபதம் எடுத்தேன்.

"நீதான் மாடல்," என்றேன் அவளிடம்.

"நானா? எதுக்கு?"

"உடம்புக்கு. முகம் வேண்டாம்."

"என் முகம் வேண்டாமா?"

கால் வழுக்கியது. சமாளித்தேன். "உன் முகத்தைப் போட்டா அந்தம்மாவை யாரும் பார்க்க மாட்டாங்க."

"முகம் வேண்டாம்னா ஹெல்மெட் எதுக்கு?"

"வெளிச்சம் அதுல எப்படி விழுதுன்னு பார்க்கணும்."

"அதைப் போட்டா பேச முடியாதே?"

"அட, ஆமாம்ல. நான் அதை யோசிக்கவே இல்ல, பாரேன். பரவாயில்ல, சரின்னா கட்டை விரலை மேல தூக்கு. இல்லைன்னா கீழ காட்டு. விண்வெளியில அப்படித்தான்."

சுங்க அதிகாரி பூட்டின பெட்டியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். பிறகு "சரிங்க" என்றாள். உடனே. கல்யாணமான நாள் முதல் அவள் எதற்கும் உடனே சரி சொன்னதில்லை. நான் அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும்.

முதல் நாள் காலை முழுக்க உட்கார்ந்தாள். வீட்டில் அப்படி ஒரு அமைதி. எங்கள் பிரிட்ஜ் சத்தம் போடும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் நான் பால்கனி அறையில் வண்ணம் குழைத்துக்கொண்டிருந்தபோது, உள்ளறையிலிருந்து உடை, ஹெல்மெட் சகிதம் வந்து நாற்காலியில் அமர்ந்தாள். அன்று எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

"நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. நீ கொஞ்சம் அதிகமாப் பேசறே."

கட்டை விரல் மேலே போனது.

என் கையிலிருந்த பிரஷ் நழுவியது. எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி முயன்றேன்.

"போன மாசம் நீ வாங்கின சோபா உறை இருக்கே, அதைப் பார்த்தாலே எனக்குத் தலை சுத்துது."

மறுபடி கட்டை விரல்.

"உங்க அம்மா நம்ம வீட்டுக்கு வந்து தங்கி ரொம்ப நாளாச்சு. நல்ல மனுஷிதான், இல்லைன்னு சொல்லல. ஆனா ஊருக்குக் கிளம்பினா நமக்கும் நிம்மதி, அவங்களுக்கும் நிம்மதி. என்ன சொல்றே?"

கட்டை விரல் முன்னைவிட உயரமாகப் போனது.

மாமியார் தினமும் அந்நேரம் பூங்காவுக்கு நடக்கப் போய்விடுகிறார் என்று மனைவி சொல்லியிருந்தாள். அதனால் எனக்குப் பயமில்லை. அன்றிலிருந்து தினமும் அணை உடைத்த வெள்ளமாகப் பேசினேன். மனசில் வருஷக்கணக்காக மக்கிக் கிடந்ததை எல்லாம் அள்ளிக் கொட்டினேன். எதைக் கேட்டாலும் சம்மதம். உள்ளறைக்குப் போய் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வந்த பிறகு அவள் ஒரு வார்த்தை அதைப் பற்றிப் பேசவில்லை. மதியச் சாப்பாட்டை முகம் கோணாமல் பரிமாறினாள். ஒரு மனுஷியைத் திருத்த ஒரு ஹெல்மெட் போதும் என்று எனக்குள் ஒரு தத்துவமே உருவானது.

இன்னொரு அதிசயமும் நடந்தது. எங்கள் குடியிருப்பில் எனக்குத் திடீர் மரியாதை. மாடிப்படியில் பார்க்கிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கினார்கள். வாட்ச்மேன் தூக்கினார். தையல்காரம்மாவின் கணவர், எப்போதும் தலை நிமிராமல் போகிற மனிதர், என் தோளைத் தொட்டு, "உங்க தைரியம் எனக்கு வராது சார்," என்றார். ஓவியத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். கலைக்கு மரியாதை இன்னும் சாகவில்லை.

உடை முடிந்து கையுறைகளை வரையும் நாள் வந்தது. அன்றுதான் பெரிய கோரிக்கையை எடுத்தேன்.

"நாங்க ஓவியர்கள் நாலஞ்சு பேர் வேன் எடுத்துக்கிட்டுக் கடற்கரைக்குப் போலாம்னு இருக்கோம். ரெண்டு மூணு நாள். பொண்டாட்டிங்க யாரும் வரல. நான் போலாமா?"

கட்டை விரல்.

"நிஜமாவா?"

கட்டை விரல்.

சந்தோஷத்தில் ஒரு நகைச்சுவை சொன்னேன். "அங்க போயும் நீ போன் பண்ணினா, சிக்னல் கிடைக்கலைன்னு சொல்லிடுவேன்."

யாரோ சிரித்தார்கள்.

ஹெல்மெட் சிரிக்கவில்லை. சிரிப்பு எதிர் வீட்டிலிருந்து வந்தது. ஒரு ஆள் சிரிப்பு இல்லை, ஒரு கூட்டமே சிரித்தது. நான் வாயை மூடினேன். அங்கும் நின்றது. "சோபா உறை," என்றேன் மெதுவாக. மறுபடி சிரித்தார்கள்.

பிரஷ்ஷும் கையுமாகக் கதவைத் திறந்தேன். எதிர் வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. தையல் மிஷினைச் சுற்றித் தையல்காரம்மா, அவர் கணவர், வாட்ச்மேன், மேல் மாடிப் பெண்கள் இருவர். நடுவில் கையில் தேநீரோடு என் மனைவி. மேஜைமேல் அவள் போன், ஸ்பீக்கரில். அதிலிருந்து எங்கள் வீட்டு பிரிட்ஜ் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கோளரங்கம் ஊருக்கு வெளியே இருக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். கோள் சொல்கிற அரங்கம் என் எதிர் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

"நீ இங்க இருந்தா," என்றேன், "அங்க யாரு?"

"போய்ப் பாருங்க."

ஓடினேன். ஹெல்மெட்டைத் தூக்கினேன். உள்ளே மாமியார். முகமெல்லாம் வியர்வை, வாயெல்லாம் சிரிப்பு.

"வேலை முடிஞ்சிடுச்சா மாப்பிள்ளை?"

"அத்தை... நீங்களா? இத்தனை நாளா?"

"என்ன சொல்றீங்க? கேட்கல. ஹெல்மெட் அழுத்துதுன்னு காது மிஷினைக் கழட்டி வெச்சிருக்கேன்."

போன உயிர் பாதி திரும்பி வந்தது. பின்னாலேயே வந்த மனைவி, அம்மாவின் உடையில் இருந்த மார்புப் பையைத் திறந்து இன்னொரு போனை எடுத்து அணைத்தாள். மீதிப் பாதி வருவதாக இருந்தது, வாசலோடு நின்றுவிட்டது.

"அப்ப அந்தக் கட்டை விரல்?"

"அவர் பிரஷ்ஷை நிறுத்திட்டு உன்னைப் பார்த்தா விரலைத் தூக்குன்னு சொல்லி வெச்சேன். அம்மா சொன்ன வேலையைச் சரியாச் செய்வாங்க."

"நீ ஏன் இப்படிப் பண்ணினே?"

"முதல் நாள் ஹெல்மெட்டுக்குள்ள கண்ணாடி வழியா உங்க முகத்தைப் பார்த்தேங்க. பல் வலி நின்ன மாதிரி ஒரு முகம். இந்த மனுஷனுக்குச் சொல்ல ஏதோ இருக்குன்னு தெரிஞ்சுது. கேட்டுடலாமேன்னு நினைச்சேன்."

நான் தலையைக் குனிந்தேன். இடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. சோபா உறையை மட்டும் உருவி எடுத்து மடித்து என் கையில் கொடுத்து, "பிரஷ் துடைக்க வெச்சுக்கோங்க," என்றாள். தப்பு என்னுடையதுதான் என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

படம் நன்றாக வந்தது. மாட்டுகிற அன்று வந்த வீராங்கனை அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். "இவ்வளவு நிம்மதியா நான் எங்கயும் உட்கார்ந்ததே இல்லையே," என்றார். காதில் என் குரல் விழாமல் உட்கார்ந்தால் யாருக்கும் அந்த நிம்மதி வரும் என்று என் மனைவி விளக்கினாள்.

அதற்கு அடுத்த வாரம் கடற்கரைப் பயணம். நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவள்தான் எடுத்தாள்.

"சம்மதம் சம்மதம்தாங்க. போயிட்டு வாங்க."

"உனக்குக் கோபம் இல்லையே?"

"எனக்கு என்ன கோபம்?"

என் பையை அவளே அடுக்கினாள். விடியற்காலையில் வேன் வந்து ஹாரன் அடித்தது. துள்ளிக் குதித்து இறங்கினேன். வேனுக்குள் நண்பர்கள் அத்தனை பேரும் பள்ளிப் பிள்ளைகள் போலக் கையைக் கட்டிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முன் இருக்கையில், மடியில் கூடையோடு மாமியார்.

திரும்பி மாடியைப் பார்த்தேன். மனைவி கையசைத்தாள். "அம்மாதானே விரலைத் தூக்கினாங்க? அவங்க கடலையே பார்த்ததில்லையாம்."

நான் ஏறி மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேன் கிளம்பியது. அவர் காதைத் தொட்டுக் காட்டினார்.

"புது பேட்டரி போட்டிருக்கேன். நீங்க தாராளமாப் பேசிட்டு வாங்க மாப்பிள்ளை."