பெயர் இல்லாத எண்

பதினேழாவது மெயிலும் போன வேகத்தில் திரும்பி வந்து விழுந்தது. "உங்கள் சர்வரின் எண்ணுக்குப் பெயர் இல்லை. ஏற்க மாட்டோம்" என்று ஒவ்வொன்றின் தலையிலும் எழுதியிருந்தது. எண்ணை வைத்துப் பெயரைத் தேடிப் பார்ப்பது மெயில் உலகத்தின் வழக்கம். பெயர் கிடைக்காவிட்டால் ஆள் கள்ளன்.

மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்கு ஆபீசில் பட்டப்பெயர் சி.ஐ.டி. வீட்டில் சொந்த மனைவி மணி அடித்தாலே மூன்று முறை "யாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறப்பார். சனிக்கிழமை வரை இருந்த பெயர் திங்கட்கிழமை எங்கே போகும்? யாரோ உள்ளே புகுந்து கைவைத்திருக்கிறார்கள்.

முதல் வேலையாக, பெயர் இல்லாத சர்வர் எதுவானாலும் வாசலிலேயே விரட்டும்படி தன் சர்வருக்கும் ஒரு கட்டளை போட்டார். மத்தியானத்துக்குள் வருகிற மெயில் பாதியாகக் குறைந்தது.

"பாத்தியா, எத்தனை கள்ளப்பசங்க உள்ள வந்துட்டு இருந்தாங்கன்னு!"

"சார், போற மெயில்தானே நம்ம பிரச்சினை?" என்றாள் அவருடைய உதவியாளர். "சனிக்கிழமை இன்டர்நெட் லைன் கம்பெனி நமக்குப் புது எண் கொடுத்தாங்க இல்ல, அதுக்குப் பேர் பதிய மறந்துட்டாங்க போல. அது நம்ம கையில இல்ல, அவங்கதான் பதியணும். நான் பேசட்டுமா?"

கேட்காமலே உதவ வருகிறாள். சி.ஐ.டி.க்குப் பொறி தட்டியது. போன மாதம் அவர் லீவில் இருந்தபோது அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, உயரத்தை வேறு குறைத்து வைத்தவள் இவள்.

"நீ ஒண்ணும் பேச வேண்டாம்மா. நானே பாத்துக்கிறேன்."

லைன் கம்பெனியின் வலைத்தளத்தில் அவரே படிவம் நிரப்பினார். போன் நம்பர் கட்டத்தைக் காலியாக விட்டார். நம்பர் யார் கைக்குப் போகுமோ, யார் கண்டது? பதில் தன் மெயிலுக்கு மட்டுமே வர வேண்டும் என்று இரண்டு தடவை அழுத்தி எழுதினார்.

செவ்வாய்க்கிழமை பதில் இல்லை. போதாக்குறைக்கு, உதவியாளர் மாடிப்படி ஓரமாக நின்று போனில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தாள். உடனே எல்லா பாஸ்வேர்டையும் மாற்றினார். யாராலும் ஊகிக்க முடியாத பாஸ்வேர்ட். மறுநாள் காலை அவராலும் ஊகிக்க முடியவில்லை. ஐந்து முறை தப்பாக அடித்ததில் சர்வர் அவரையே அரைநாள் வெளியே நிறுத்திவிட்டது.

புதன்கிழமை மத்தியானம் மேனேஜரே வந்துவிட்டார்.

"அஞ்சு மணிக்குள்ள அந்த ஒப்பந்தம் கஸ்டமருக்குப் போயாகணும். போகலைன்னா நாளையிலேருந்து சர்வர் அந்தப் பொண்ணு பொறுப்பு. உங்க நாற்காலியும்தான்."

ஆக, இதுதான் திட்டம்! சி.ஐ.டி. நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பதினெட்டு வருஷமாக அவர் இடுப்புக்கென்றே வளைந்து கொடுத்திருந்த நாற்காலி அது.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சி.ஐ.டி., மேனேஜரின் கண்ணெதிரிலேயே உதவியாளரைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து போன்ல யார்கிட்ட குசுகுசுன்னு பேசின?"

"லைன் கம்பெனிகிட்ட சார், நம்ம ஆபீஸ் நம்பரைக் கொடுத்தேன். நீங்க கோவிச்சுப்பீங்கன்னுதான் மெதுவா…"

"கேட்டுக்கோங்க சார்! ரெண்டு பேரும் கூட்டு! அதனாலதான் மூணு நாளா அவங்க எனக்கு ஒரு வரி பதில் போடலை!"

வரவேற்பறைப் பெண் கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"சார், லைன் கம்பெனிக்காரர் போன்ல இருக்கார். பேர் பதிய உங்க சம்மதம் கேட்டு திங்கட்கிழமையிலேருந்து ஆறு மெயில் போட்டாராம்; அவங்க சர்வருக்கும் பேர் இல்லைன்னு ஆறையும் நம்ம சர்வர்தான் வாசல்லயே விரட்டிடுச்சாம்!"