கோயில் ஓமும் உப்புமா ஓமும்

என் தொழில் வாழ்க்கை முழுவதும், இடம் மாறி விழுந்த ஓர் 'ஓம்' மேல்தான் நிற்கிறது. இதை நான் வாடிக்கையாளர்களிடம் சொல்வதில்லை. அவர்களிடம் 'மக்களின் மனத்தைத் தொடும் உத்தி' என்று ஏதோ சொல்லிச் சமாளித்து வருகிறேன்.

அது இரண்டாயிரத்துப் பதினான்காம் ஆண்டு. வங்கியில் கிடைத்த தொழிற்பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு, சுவிஸில், ஊஸ்டர் நகரில் எங்கள் வீட்டு சோபாவில் ரெலிபோனும் கையுமாகக் கிடந்தேன். சோஷல் மீடியா மேனேஜர் ஆகப் போகிறேன் என்று அறிவித்திருந்தேன். கோயிலில் யாராவது "மகள் என்ன செய்யிறா?" என்று கேட்டால், அப்பா "கொம்பியூட்டர்" என்று சொல்லிவிட்டு அவசரமாகச் செருப்பைத் தேடுவார். (செருப்பு காலில்தான் இருக்கும்.)

அப்படிப்பட்ட அப்பாதான் என்னைத் தன் வேலையிடத்துக்கு அழைத்துப் போனார். ஏரிக்கரையில் இருந்த அந்தப் பழைய உணவகத்தின் சமையலறையில் அவருக்குப் பதினெட்டு வருடங்கள். முதலாளி ஃபிராவ் மோசர். (ஃபிராவ் என்றால் திருமதி. பெயரில் மட்டும்தான் மோசம்.) அவர் ஞாயிறு காலை விருந்து ஒன்றைத் தொடங்கவிருந்தார். அதை இணையத்தில் விளம்பரப்படுத்துவது என் பொறுப்பு. முதல் ஞாயிறு தோட்ட மண்டபம் நிரம்பினால் எனக்கு நிரந்தர வேலை, நிரம்பாவிட்டால் கைகுலுக்கி அனுப்பிவிடுவேன் என்றார். "என் மகள் நிரப்புவாள்" என்று அப்பா தன் உடைந்த ஜெர்மனில் சொன்னார். பதினெட்டு வருடங்களில் அவர் அந்த அம்மாவிடம் எதையும் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தன் பெயரை அடகு வைத்தார், அதுவும் எனக்காக.

நானோ உலகத்துக்கே சோஷல் மீடியா கற்பிக்கப் பிறந்தவள் போல நடந்துகொண்டேன். மேசை நாற்காலி போடுவதற்கு முன்பே வெறும் மண்டபத்தைப் படம் எடுத்தேன். ஜன்னல் வழியே வெயில், மரத்தரை, வேறொன்றும் இல்லை. கீழே 'ஞாயிறு காலை பத்து மணி. நீங்கள் அமைதியாக அமருங்கள். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று எழுதி, உணவகத்தின் முகநூல் பக்கத்தில் போட்டேன். சாப்பாடு என்ற சொல்லைப் போட்டால் கவித்துவம் கெட்டுவிடுமாம்.

மறுநாள் ஒரு பெண் படத்தின் கீழே, 'அப்படி என்னதான் நடக்கப் போகிறது?' என்று கேட்டிருந்தார். பதில் எழுதப் போனேன். அந்த நேரம் பார்த்து, சனிக்கிழமை கோயிலுக்கு வருகிறேனா என்று கேட்டு அம்மாவின் மெசேஜ் வந்தது. இங்கே பிறந்த எங்களுக்குத் தமிழ் வாயில் வரும், விரலில் வராது. அதனால் ஆங்கில எழுத்தில் 'Om' என்று தட்டிவிட்டேன். எங்கள் ஈழத்துப் பேச்சில் 'ஓம்' என்றால் 'ஆமாம்', அவ்வளவுதான். பதில் கிடைக்காத அம்மா திரும்பவும் கேட்டார். எரிச்சலோடு 'Om om' என்று தட்டினேன். இரண்டுமே போய்ச் சேர்ந்த இடம் அந்தப் பெண்ணின் கேள்விக்குக் கீழே.

அன்று மாலை பக்கமெல்லாம் இதயக் குறிகள். நான் எண்ணிக்கையைப் பார்த்தேனே தவிர, கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. ஒருவர் தனிச்செய்தியில், விரிப்பு கொண்டு வரலாமா என்று கேட்டார். புல்வெளியில் பிள்ளைகளை உட்கார வைக்கப் போகிறார் என்று நினைத்து, தாராளமாகக் கொண்டு வாருங்கள் என்றேன். வீட்டில் அப்பாவிடம், "வாற சனத்துக்கு மண்டபத்தில இடம் காணாது, பாருங்கோ" என்று பீற்றிக்கொண்டேன்.

ஞாயிறு பத்து மணிக்கு மண்டபம் நிரம்பியது. ஏறக்குறைய எல்லாரும் தொளதொளத்த வெள்ளைக் காற்சட்டையோடு, கக்கத்தில் சுருட்டிய யோகா விரிப்போடு வந்திருந்தார்கள். மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். சமையலறையில் பன்றி இறைச்சியும் முட்டையும் மலை போலக் காத்திருந்தன. இவர்களில் அவற்றைத் தொடுகிறவர் ஒருவரும் இல்லை. ஃபிராவ் மோசர் விரிப்புகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

பக்கத்தைத் திறந்து பார்த்தேன். சமையலறைக்கு ஓடினேன்.

"அப்பா, அம்மாவுக்குப் போட்ட ஓம் இங்க விழுந்திட்டுது."

அப்பா கதவிடுக்கால் எட்டிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நின்றேன்.

"இவ்வளவு சனமும் ரெண்டு எழுத்துக்கோ வந்தது?"

அந்தக் குரலில் கோபம் இல்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பாவை நான் வியக்க வைத்திருந்தேன்.

பின்னாலேயே வந்த ஃபிராவ் மோசர், இறைச்சியும் முட்டையும் இல்லாமல் இத்தனை பேருக்கும் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டபடி அவரை மண்டபத்துக்குள் இழுத்துப் போனார். ஏப்ரனோடு அத்தனை பேருக்கும் முன்னால் நின்ற அப்பாவுக்குப் பதற்றத்தில் ஜெர்மன் மறந்துபோனது.

"ஓம்," என்றார்.

மண்டபமே கண்ணை மூடிக்கொண்டு, "ஓம்ம்ம்ம்" என்றது.

அதன் பிறகு அவர்களில் அனுபவப்பட்ட ஒரு பெண் முன்னால் உட்கார்ந்து தியானத்தை நடத்தினார். (அப்பாதான் குரு, அவர் மௌனத்தில் இருக்கிறார் என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.) 'குரு' சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். இந்த நாட்டில் எந்தச் சமையலறையிலும் றவை இருக்கும், கரட் இருக்கும். அரை மணி நேரத்தில் ஒரு பெரிய பாத்திரம் நிறைய உப்புமா தயார். தாளித்த வாசம் மண்டபத்துக்குள் போனதும் தியானம் தானாகக் கலைந்தது. பாத்திரத்தை வழித்துச் சாப்பிட்டார்கள். அடுத்த ஞாயிறும் உண்டா என்று கேட்டார்கள். ஃபிராவ் மோசர் என் கையைக் குலுக்கினார். எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அவர், இனி எழுதியதை ஒரு தடவை வாசித்துவிட்டுப் போடு என்று மட்டும் சொன்னார். வேலை நிரந்தரமானது.

அடுத்த முறை கோயிலில் அதே கேள்வி வந்தபோது அப்பா செருப்பைத் தேடவில்லை. "ரெண்டு எழுத்துப் போட்டு ஒரு மண்டபத்தை நிரப்புவா," என்றார். கேட்டவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாரும் சும்மா ஓம் சொல்லிவிட முடியாது. "எது, கோயில் ஓமோ, உப்புமா ஓமோ?" என்று அம்மா கேட்பார். இப்போது எனக்கென்று ஒரு சின்ன அலுவலகம் இருக்கிறது. போன மாதம் பேர்ணில் ஒரு பெரிய ஒப்பந்தத்துக்குப் போயிருந்தேன். வெளியே வந்து ட்ராமில் ஏறியதும், கிடைத்ததா என்று அப்பாவின் மெசேஜ். பெயரை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு 'Om' என்று அனுப்பினேன்.

பதிலுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. பாத்திரச் சத்தத்துக்கு நடுவே அப்பா நீட்டி முழக்கி "ஓம்ம்ம்ம்" என்கிறார். பின்னால் அவரையும் மிஞ்சிக்கொண்டு ஃபிராவ் மோசர்.