வெங்காய மிஸ்ஸின் மோட்டார்

கண்டி நகரத்திலேயே வெங்காயத்தைச் சமைக்காமல் செல்லப்பிள்ளை மாதிரி வளர்த்த ஒரே மனுஷி எங்கள் வெங்காய மிஸ்தான். அவளுடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். எங்கள் ஒழுங்கையில் வேறு யாருக்கும் அது தேவைப்படவில்லை.

அம்பிட்டியவில் பெர்னடெட் ஆன்ட்டியின் மாடியில் நாங்கள் இருவரும் போர்டிங். நான் ஹட்டன்காரி, டவுனில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளார்க். அவள் யாழ்ப்பாணத்துக்காரி, பல்கலைக்கழகக் கம்பஸில் ஆராய்ச்சி. ஜன்னல், படிக்கட்டு, அலுமாரியின் தலை என்று எங்கே பார்த்தாலும் அவளுடைய ஜாம் போத்தல்கள். ஒவ்வொரு போத்தலின் வாயிலும் ஒரு பம்பாய் வெங்காயம் சப்பணம் போட்டு உட்கார்ந்து, தண்ணீருக்குள் வெள்ளைத் தாடி வளர்த்துக்கொண்டிருக்கும். நாற்றத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், அதற்காகவே தினமும் அவளோடு சண்டை பிடிப்பேன். பூனைகூட எங்கள் மாடிக்கு வருவதை நிறுத்திவிட்டது.

"அப்படி என்னாதான் இருக்கு இந்த வெங்காயத்துல?" என்று ஒருநாள் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். சனியனைத் தூக்கிப் பனியனில் போட்டுக்கொண்ட கதைதான்.

"இஞ்ச வாரும், இதில நில்லும்" என்று என்னை இரண்டு விளக்குமாறுகளுக்கு நடுவில் நிறுத்தினாள். வேர்நுனியில் கலங்கள் என்ற செல்கள் விறுவிறுவென்று இரண்டிரண்டாகப் பிரியுமாம். பிரியும் கலத்துக்குள் இரண்டு முனைகள். இரண்டிலிருந்தும் நுண்குழாய்கள் என்ற மெல்லிய கம்பிகள் நீண்டு நடுவில் சந்திக்கும். அந்த இடத்தில்தான் கைனசின் என்ற மோட்டார்ப் புரதம் வேலை செய்யும். அதற்கு இரண்டு பக்கமும் கால். ஒரு பக்கக் கால் இந்த முனையின் கம்பியில், மறுபக்கக் கால் அந்த முனையின் கம்பியில். இரண்டு பக்கமும் நடக்க நடக்க, முனைகள் ஒன்றையொன்று விட்டு விலகும்.

"தள்ளும், தள்ளும்! விளக்குமாறு கம்பி, நீர்தான் கைனசின்!"

தள்ளினேன். ஒரு விளக்குமாறு நழுவி, கீழே மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. அன்று இராச்சாப்பாட்டுக்கு ஆன்ட்டி என்னோடு பேசவில்லை.

பஸ்ஸில் போனாலும் இந்தப் பைத்தியம் விடாது. காலையில் அம்பிட்டிய பஸ்ஸில் மூச்சுவிட இடம் இருக்காது. எல்லோரும் நடுவில் ஒரே குவியலாக நிற்பார்கள். வெங்காய மிஸ் அதற்குள் புகுந்து, ஒரு கையால் முன்னால் நிற்பவர்களையும் மறு கையால் பின்னால் நிற்பவர்களையும் தள்ளுவாள். "கொஞ்சம் முன்னுக்குப் போங்கோ, நீங்கள் பின்னுக்குப் போங்கோ. நடுவில தேங்கி நிண்டா கலம் எப்பிடிப் பிரியும்?" கலம் என்றால் என்னவென்று யாருக்கும் விளங்காது, ஆனாலும் பயந்துபோய் விலகுவார்கள். கொண்டக்டருக்கு ஒரே சந்தோஷம். அவளிடம் டிக்கட் காசு வாங்கவே வெட்கப்பட்டார்.

இவ்வளவு கூத்தடித்தவள் ஒரு மாதம் சத்தமே இல்லாமல் இருந்தாள். விஷயம் இதுதான். ஹந்தானை மலையில் பறித்த ஒரு கொடியின் சாற்றை வெங்காய வேருக்கு ஊற்றினால் அந்த மோட்டார் நின்றுவிடுகிறது என்று அவள் சொன்னாள். மோட்டார் நின்றால் முனைகள் விலகாது, நிறமூர்த்தங்கள் என்ற குரோமோசோம்கள் இரண்டு பக்கமும் போக வழியில்லாமல் நடுவில் குவிந்து கிடக்கும். அவளுடைய புரொபெசர் ஒத்துக்கொள்ளவில்லை. "மோட்டார் நிக்கேல்லை பிள்ளை, கலமே செத்துப்போச்சு. நஞ்சை ஊத்தினா எதுவும் குவியும்" என்றாராம். சாற்றைக் கழுவிவிட்டால் கலம் மறுபடி பிரிய வேண்டும், அதுதான் அத்தாட்சி. அவளும் ஒரு மணித்தியாலம் கழுவிக் கழுவிப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. திங்கட்கிழமை கமிட்டி. அதற்குள் காட்டாவிட்டால் உதவிப்பணம் நின்றுவிடும், ஊருக்குப் போக வேண்டியதுதான். கடைசிச் சாற்றையும் மாடிப்படிப் போத்தல்களில் ஊற்றி வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலையில் கம்பஸுக்குப் போனாள்.

அந்த வெள்ளிக்கிழமை பார்த்தா டெங்குப் பரிசோதனைக்குச் சுகாதார இன்ஸ்பெக்டர் பீ.எச்.ஐ. வரவேண்டும்?

அந்த இன்ஸ்பெக்டர் மாத்தயா போன தடவை வந்தபோது ஆன்ட்டியின் பூச்சாடித் தட்டில் நுளம்புக் குடம்பியை, அதாவது கொசுப்புழுவை, கண்டுபிடித்து, "இனி ஒரு சொட்டு தேங்கி நின்னாலும் கோட்டுல கேஸ்தான்" என்று சொல்லிவிட்டுப் போனவர். கேட் சத்தம் கேட்டதும் ஆன்ட்டிக்குக் கைகால் ஓடவில்லை. மாடிப்படியில் வரிசையாகத் தண்ணீர்ப் போத்தல்! அத்தனையையும் வாளியில் கவிழ்த்தார். வெங்காயங்களைக் குழாயடியில் பிடித்து, தாடியெல்லாம் தேய்க்காத குறையாகக் கழுவினார். பீ.எச்.ஐ. போன பிறகு நல்ல தண்ணீர் ஊற்றி வைத்தார். அதிலும் நுளம்பு முட்டையிட்டுவிடுமோ என்று பயந்து, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் மாற்றினார். மாலை நான் வேலை விட்டு வந்தபோதும் மாற்றிக்கொண்டுதான் இருந்தார்.

"ஆன்ட்டி, அது மருந்துத் தண்ணி!"

"மாதாவே! எனக்கு என்னா தெரியும் புள்ள? நாத்தம் புடிச்ச தண்ணின்னுல்ல நெனச்சேன்!"

வெங்காய மிஸ் வந்தாள். ஆன்ட்டி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு போத்தலாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திட்டினாலாவது நிம்மதியாக இருந்திருக்கும்.

கடைசியில் ஆன்ட்டியின் கையைப் பிடித்தாள். "அழாதேங்கோ அன்ரி. எறியிறதுக்கு முன்னம் ஒருக்காப் பாப்பம்."

ஒரு ஆட்டோ பிடித்து மூன்று பேரும் கம்பஸுக்குப் போனோம். மடியில் வெங்காயம், ஆன்ட்டி கையில் ஜெபமாலை. அவள் வேர்நுனிகளை வெட்டி, சாயம் போட்டு, கண்ணாடித் துண்டில் நசுக்கி மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

பிறகு ஒரு கத்தல். "பிரியுது! எல்லாம் பிரியுது!"

எங்களையும் பார்க்கச் சொன்னாள். முதலில் கம்பஸிலேயே சாற்றில் ஊறிக் கிடந்த கழுவாத வேர். ஆன்ட்டி ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம், எல்லாம் ஒரே எடத்துல சிக்கிக் கெடக்குதே, அவுத்து விடேன் புள்ள" என்றார். பிறகு கழுவிய வேர். கலத்துக்குக் கலம், ஊதாச் சாயம் ஏறிய நிறமூர்த்த நூல்கள் இரண்டு கூட்டமாகி, ஆளுக்கொரு பக்கம் போய் நின்றன. கலம் சாகவே இல்லை. மோட்டார்தான் நின்றிருந்தது. சாறு முழுதாக வெளியேற ஒரு மணித்தியாலம் போதவில்லை, ஒரு பகல் முழுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு நேரம் தண்ணீர் மாற்றும் பொறுமை ஆன்ட்டிக்கும் அவருடைய நுளம்புப் பயத்துக்கும்தான் இருந்தது.

சனியும் ஞாயிறும் கம்பஸில் மிச்சமிருந்த கழுவாத வேர்களை வைத்து அதையே திரும்பச் செய்து பார்த்தாள். திங்கட்கிழமை மாலை வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள்.

"அன்ரி! ஒத்துக்கொண்டிட்டினம்! இன்னும் ஒரு வருஷம் இஞ்சதான், போத்தலும் ரெண்டு மடங்கு!"

"அட கடவுளே, இன்னும் ஒரு வருசமா!" என்று தலையில் அடித்துக்கொண்டு ஆன்ட்டி குசினிக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் அங்கே விசேஷ நாளுக்கு ஆக்கும் பால்சோறு வேகும் வாசனை வந்தது.

எனக்கும் ஒரு வேலை இருந்தது. அந்த மாத முடிவில் கட்டுகஸ்தோட்டையில் வேறொரு போர்டிங்குக்கு மாறுவதாக இருந்தேன். தனி அறை, தனிக் குளியலறை, நாற்றம் கிடையாது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, வரவில்லை என்றேன். ஏன், அறை பிடிக்கவில்லையா என்று அவர் கேட்டார். அறை நல்ல அறைதான். அங்கே தனியாகப் போய் நான் யாரோடு சண்டை பிடிப்பது?