கூண்டுக்கு ஒரு பெயர்ப்பலகை

"பன்னி பக்கத்துல குந்திகினு வடை சுட்டா எவன்யா வாங்குவான்?"

வடைக்கடை எல்லம்மா கரண்டியோடு எழுந்து வந்துவிட்டாள். பெயிண்ட்டர் வேம்புலி அப்போதுதான் பலகையில் 'கினியா பன்றி' என்று எழுதி முடித்திருந்தான். எழுத்து இன்னும் காயவில்லை.

குமாஸ்தா திருவேங்கடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, இது பன்னி இல்லை. கூண்டுக்குள்ளே பாரு. முழங்கை நீளம்கூட இல்லை."

"அப்ப எதுக்குப் பன்னின்னு எழுதிக்கினுகீறே?"

திருவேங்கடம் கூண்டையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்.

அது 1940. யுத்த நிதிக்காகப் பூந்தமல்லி மைதானத்தில் கண்காட்சி. கலெக்டர் துரையின் மனைவி, தான் செல்லமாக வளர்க்கும் பிராணியை ஊரார் பார்க்கட்டும் என்று கூண்டோடு அனுப்பியிருந்தாள். தமிழில் பெயர் எழுதி மாட்டச் சொல்லி உத்தரவு. தாசில்தார் லோகநாதன் அதைத் திருவேங்கடத்தின் தலையில் கட்டிவிட்டார். திருவேங்கடம் ஆறு வருஷமாக 'ஆக்டிங்' குமாஸ்தா.

"நாலு மணிக்குத் துரைசானி வராங்க. அவங்க முகம் கோணாம இருந்தா இந்த மாசமே உன்னைப் பர்மனென்ட் பண்றேன். கோணுச்சோ, ஆக்டிங்கும் கிடையாது" என்று தாசில்தார் சொல்லியிருந்தார்.

எல்லம்மாவின் வாய்க்குப் பயந்து திருவேங்கடம் பலகையைத் துடைக்கச் சொன்னார். வேம்புலி மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தான். கடல் தாண்டி வந்தது எதுவானாலும் ஊரில் 'சீமை' என்று சேர்த்துச் சொல்வதுதானே வழக்கம்? 'சீமை எலி' என்று எழுத வைத்தார்.

பத்தாவது நிமிஷம் தாசில்தார் வந்தார். படித்தார். முகம் வெளுத்தது.

"சீமையிலேர்ந்து வந்தது எலியா? அப்போ கலெக்டர் துரை எங்கேர்ந்து வந்தார்? யுத்தம் நடக்கிற நேரத்திலே எழுதற எழுத்தாய்யா இது? அழி!"

வேம்புலி மறுபடி துடைத்தான். "இன்னா சாமி, நாலு தபா எழுதுனாலும் கூலி ஒண்ணுதானா?"

"மூணாவதுதான் கடைசி" என்று சொல்லிவிட்டு, திருவேங்கடம் முதலுதவிக் கொட்டகைக்கு ஓடினார். அங்கே இருந்த கம்பவுண்டர் நாகேந்திரன் புதுச்சேரிக்காரர். வைத்திய புஸ்தகங்கள் படித்தவர்.

"பிரெஞ்சிலே இதுக்கு நல்ல பேர் இருக்கு" என்றார் நாகேந்திரன். "இந்தியப் பன்றி."

"இந்தியாவிலே இதை யார் பார்த்தா?"

"யாரும் பார்க்கலை. பேர் மட்டும் அப்படி."

இவர்கள் பேசி முடிப்பதற்குள், பின்னாலேயே வந்து காதில் வாங்கிக்கொண்ட வேம்புலி திரும்பி ஓடிப்போய்ப் பெரிய எழுத்தில் எழுதியே விட்டான். அவனுக்குச் சீக்கிரம் வீடு போய்ச் சேர வேண்டும். திருவேங்கடம் மூச்சிரைக்கத் திரும்பியபோது, கூண்டைச் சுற்றிக் கொரட்டூரிலிருந்து வந்த கதர்ச் சட்டை வாலிபர்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"இந்தியன்னா பன்னியா? எழுதச் சொன்னது யாரு? வெள்ளைக்காரனா?"

"வந்தே மாதரம்!" என்று ஒருவன் ஆரம்பித்தான். மற்ற மூவரும் சேர்ந்துகொண்டார்கள். தூரத்தில் போலீஸ்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்து வருவது தெரிந்தது. திருவேங்கடம் தம் மேல்துண்டாலேயே பலகையைத் துடைத்தார். துண்டு பாழாயிற்று. எழுத்துப் போயிற்று.

மறுபடி கொட்டகை.

"யாருக்கும் கோபம் வராத பேர் ஒண்ணு சொல்லுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நாகேந்திரன் யோசித்தார். "இன்னொரு பாஷையிலே 'சின்னக் கடல் பன்றி'ன்னு சொல்றான். கடல் தாண்டி வந்ததாலே அப்படி வெச்சிருப்பான்." எந்தப் பாஷை என்பதைக் காதோடு சொன்னார்.

'பன்றி'யை விட்டுவிட்டு 'கடல் குட்டி' என்று எழுதச் சொன்னார் திருவேங்கடம். அடுத்த நிமிஷமே ஓர் ஆள் வாளி நிறையத் தண்ணீரோடு வந்து, "கடல் குட்டின்னா நீச்சல் அடிக்கும்ல? உடு பார்க்கலாம்" என்று கூண்டுக் கதவில் கை வைத்தான். அவனை இழுத்துத் தள்ளிவிட்டு நிமிர்ந்தால், எதிரே தாசில்தார்.

"இது எந்த ஊர்ப் பேர்?"

திருவேங்கடம் உண்மையைச் சொல்லித் தொலைத்தார். "ஜெர்மன் பாஷைங்க."

தாசில்தார் லோகநாதன் அப்படியே எல்லம்மாவின் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "யுத்த நிதிக் கண்காட்சியிலே ஜெர்மன் பேர்! என்னைக் கம்பி எண்ண வைக்கணும்னே வேலைக்குச் சேர்ந்தியா?"

மணி மூன்றரை. திருவேங்கடம் நேரே போய் நாகேந்திரனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இங்கிலீஷ்காரன் கினியான்னு ஆப்பிரிக்காவைச் சொல்றான். பிரெஞ்சுக்காரன் இந்தியாங்கறான். ஜெர்மன்காரன் கடல்ங்கறான். நம்ம ஆளு சீமைங்கறான். எவனுமே தன் ஊர்ன்னு சொல்லமாட்டேங்கறானே! நிஜமா இது பொறந்த ஊர் எது சார்?"

"தென்னமெரிக்கா. மலை மேலே."

"அந்த மலையிலே இதை என்னன்னு கூப்பிடுவாங்க?"

"கூய். அது கத்தற சத்தத்தையே பேரா வெச்சுட்டாங்க."

திருவேங்கடத்துக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பன்றி இல்லை, எலி இல்லை, தேசம் இல்லை, யுத்தம் இல்லை. வேம்புலி 'கூய்' என்று எழுதினான். கூட்டம் அதை உரக்கப் படித்தது. கூண்டுக்குள்ளிருந்தும் 'கூய்' என்று பதில் வந்தது. எல்லம்மாகூடச் சிரித்தாள். ஜனங்களுக்குக் குஷி பிறந்துவிட்டது. மைதானம் முழுக்க "கூய்! கூய்!" என்று ஒரே கூச்சல்.

சரியாக அந்தச் சமயத்தில் துரைசானியின் மோட்டார் உள்ளே நுழைந்தது.

"கூய்! கூய்!"

"துரைசானி மேலே ஊளை விடறாங்களேய்யா!" என்று தாசில்தார் அலறினார். திருவேங்கடம் இரண்டு கையையும் தூக்கி, கூட்டத்தைப் பார்த்து "உஸ்! உஸ்!" என்று கெஞ்சினார். ஆறு வருஷ உத்தியோகம் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது.

ஆனால் துரைசானி சிரித்தபடியே இறங்கினாள். நேரே கூண்டருகே வந்து பலகையைப் பார்த்தாள். கூட வந்த ஆயா பொன்னியம்மா, பக்கத்தில் நின்ற வேம்புலியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை அவளுக்குச் சொன்னாள். துரைசானியின் முகம் லேசாகக் கோணியது.

"என்னம்மா, என்ன குறை?" என்று தாசில்தார் பதறினார்.

"அது இன்னா ஜாதின்னு அம்மா கேக்கலீங்க" என்றாள் பொன்னியம்மா. "ஊட்ல அதுக்கு வெச்ச பேரத்தான் எழுதச் சொன்னாங்க."

திருவேங்கடம் மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"அவ்வளவுதானே!" தாசில்தாருக்கு உயிர் வந்தது. "வேம்புலி, துடை! பலகை நிறைய எழுது. சொல்லும்மா, என்ன பேர்?"

பொன்னியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தொர கொரலு கேட்டாலே இதுக்கும் ஒடம்பு நடுங்குதேன்னு அம்மாதான் ஆசையா வெச்சாங்க சாமி: லோகநாதன்."