பதில் சொல்லக் கூடாத உஸ்தாத்

நைல் டெல்டாவில் எங்கள் மாவட்டத்து ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தத் தெரியவில்லை என்று கல்வித் துறை தீர விசாரித்துக் கண்டறிந்தது. அவர்களுக்குப் பயிலரங்கு நடத்த வேண்டும். நடத்துவதற்குக் கருத்தாளர்கள் வேண்டும். ஆகவே, ஓரளவு நன்றாகப் பாடம் நடத்துகிறவர்களை வகுப்பிலிருந்து பிடுங்கிக் கருத்தாளர்களாக்குவது என மேன்மை தங்கிய குழு முடிவெடுத்தது. பிடுங்கப்பட்டவர்களில் பெண்கள் பள்ளி இயற்பியல் உஸ்தாத், அதாவது ஆசிரியன், லுத்ஃபி என்கிற நானும் ஒருவன். பெருமையில் தலைகால் புரியவில்லை. என் மாணவிகளுக்குப் பொதுத்தேர்வு நெருங்கியது அற்ப விஷயமாகப் பட்டது.

பயிற்சியில் ஆளுக்குப் பத்து நிமிடம் பாடம் நடத்த வேண்டும். மற்ற ஆசிரியர்கள் மாணவர்களாக உட்காருவார்கள். நான் கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை விட்டு, மின்னோட்டம் பிறப்பதை விளக்கினேன். தலைமைப் பயிற்சியாளர் டாக்டர் வக்தி முகம் சுளித்தார்.

"என்ன பண்ணீங்க உஸ்தாத்?"

"விளக்கினேன் டாக்டர்."

"அதான் தப்பு. கருத்தாளர் விளக்கவே கூடாது. பதில் அவங்க உள்ளேருந்து வரணும்."

"வரலன்னா?"

"வராததும் ஒரு பதில்தான்."

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அடுத்த முறை ஒன்றுவிடாமல் கேள்வியாகவே கேட்டு, தொண்டை வலிக்காமல் சான்றிதழ் வாங்கினேன். "என்ன சமைக்கட்டும்?" என்ற மனைவியிடமும், "நீ என்ன நினைக்கிறாய்?" என்றேன். அந்த வாரம் முழுக்க அவித்த மொச்சைதான்.

நான் பள்ளிக்குத் திரும்பிய அன்று, வகுப்பிலும் கருத்தாளராகவே நடக்கிறேனா என்று பார்க்க டாக்டர் கடைசி பெஞ்சில் பார்வையாளராக அமர்ந்தார். மினிபஸ் ஓட்டுநர் மகள் ஷாஹிந்தா எழுந்தாள்.

"உஸ்தாத், காந்தத்த வெளிய இழுத்தா கரண்ட் எந்தப் பக்கம் போகும்?"

தேர்வில் தவறாமல் வரும் கேள்வி. பதில் நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கிவிட்டு, "மத்தவங்க என்ன நினைக்கிறீங்க?" என்றேன். கை தூக்கச் சொன்னேன். வலப்பக்கத்துக்குப் பெரும்பான்மை. மின்னோட்டத்தைத் தவிர எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

"உங்களுக்குத் தெரியாதா உஸ்தாத், இல்ல சொல்ல மாட்டீங்களா?" என்றாள் ஷாஹிந்தா.

"அற்புதமான கேள்வி!" என்று டாக்டர் எழுந்து நின்று கைதட்டினார்.

வெளியே வந்ததும் என்னை ஓரமாக இழுத்தார்.

"சாயங்காலம் டியூஷன் எடுக்கிறீங்களாமே? என் பையன் ஹாஸிமையும் சேத்துக்கங்க. ஆனா ஒண்ணு, இந்தக் கூத்தெல்லாம் அவன்கிட்ட வேணாம். பதில நேரா சொல்லிடுங்க."

மாலையில் டியூஷனுக்குப் போனால் ஹாஸிம் மட்டுமல்ல, என்னோடு பயிற்சி முடித்த கருத்தாளர்களின் பிள்ளைகள் பாதிப்பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். கதவோரம் ஷாஹிந்தா. அவள் அப்பா இரவிலும் வண்டி ஓட்டிப் பணம் கட்டியிருந்தார். நான் காந்தத்தை எடுத்தேன். ஐந்தே நிமிடத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இத காலையிலயே சொல்லியிருக்கலாமே உஸ்தாத்?"

"காலைல நான் கருத்தாளர்ம்மா."

"அப்ப ஸ்கூலுக்கு எதுக்கு வரணும்?"

"எங்கப்பா என்னை அனுப்புறதே இல்ல!" என்று ஹாஸிம் சிரித்தான்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் காலையில் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிவிடவில்லை. பதவி போய்விடுமே.

ஷாஹிந்தா பள்ளிக்கு வருவதை நிறுத்தினாள். பிறகு மற்றவர்களும். துறை கவலையில் ஆழ்ந்து, அவசரப் பயிலரங்கு ஒன்றை அறிவித்தது: "மாணவர்கள் பள்ளிக்கு வராதது ஏன்?" நடத்துகிற கருத்தாளர் நான்தான். பதில் எனக்குத் தெரியும். சொல்லத்தான் கூடாது.